ஆளைப் பார்த்ததும் எடை போடுவது: சமூக உளவியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் உளவியல் பாடம் நடத்த ஆரம்பித்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வகுப்பில் பிள்ளைகள் கேட்டவை, வடசேரி பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும்போது பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டவை, கல்யாண வீட்டுப் பந்தியில் சொந்தக்காரர்கள் கேட்டவை என்று நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. திரும்பத் திரும்ப வருகிறவற்றை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் விளவங்கோடு பக்கத்துக்காரி. அதனால் உதாரணங்களில் ரப்பரும் கடலும் கொஞ்சம் அதிகமாக வரும்.

உளவியல் படித்தவர் என்றால் முகத்தைப் பார்த்தே மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவீர்களா?

முடியாது. இதைக் கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை, அதனால்தான் முதலில் வைத்தேன்.

பக்கத்தில் மற்றவர்கள் இருக்கும்போதும், இருப்பதாக நாமே நினைத்துக்கொள்ளும்போதும், நம் எண்ணமும் பேச்சும் நடத்தையும் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பதுதான் சமூக உளவியல். இதன் பழைய சோதனைகளில் ஒன்றை 1898-ல் நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்கர் வெளியிட்டார். சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியாக ஓட்டுவதைவிடக் கூட ஆள் ஓட்டும்போது வேகம் எடுப்பதை அவர் கவனித்தார். பிறகு பிள்ளைகளிடம் தூண்டில் நூல் சுற்றும் சக்கரத்தைக் கொடுத்துத் தனியாகவும் ஜோடியாகவும் சுற்றச் சொன்னார். பக்கத்தில் இன்னொரு பிள்ளை சுற்றும்போது பலருக்கு வேகம் கூடியது. சிலருக்குப் பதற்றத்தில் கை தடுமாறியது. இப்படி ஒரு ஆளுக்கு மற்ற ஆட்களால் என்ன ஆகிறது என்பதுதான் இந்தப் படிப்பின் அடிப்படைக் கேள்வி. மற்ற ஆட்களை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது அதில் ஒரு பெரிய பகுதி. கீழே வருபவை பெரும்பாலும் அந்தப் பகுதியைச் சேர்ந்தவை.

ஒருவரைப் பார்க்கும்போது மனம் அப்படி என்னதான் செய்கிறது?

கதை கட்டுகிறது. 1944-ல் ஃப்ரிட்ஸ் ஹைடரும் மேரியான் சிம்மெலும் ஒரு சின்னப் படம் எடுத்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவுள்ள ஒரு பெட்டி. அவை திரையில் அங்கும் இங்கும் நகரும், அவ்வளவுதான். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டபோது, கிட்டத்தட்ட எல்லோரும் பெரியவன் சின்னவனை மிரட்டுகிறான், வட்டம் பயந்து ஒளிகிறது என்றே சொன்னார்கள். என் மாணவிகளிடம் போட்டுக் காட்டினால் அதில் காதல் கதையே வந்துவிடுகிறது.

வெறும் கோடுகளுக்கே குணமும் நோக்கமும் கொடுக்கும் மனம், எதிரே நடந்து வரும் ஆளை மட்டும் சும்மா விடுமா?

முதல் அபிப்பிராயம் எவ்வளவு சீக்கிரம் உருவாகிறது? பிறகு மாறுமா?

2006-ல் ஜானின் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டோடோரோவ் இருவரும் முகப் படங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே காட்டினார்கள். அதற்குள் பார்த்தவர்கள் 'இவர் நம்பத் தகுந்தவர், இவர் இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. 'நான் சொன்னது சரிதான்' என்ற தைரியம்தான் கூடியது. அந்தத் தீர்ப்பு உண்மை என்று இதற்கு அர்த்தம் கிடையாது, வேகமாக வருகிறது என்றுதான் அர்த்தம்.

இன்னொரு சோதனை 1946-ல் சாலமன் ஆஷ் செய்தது. முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றி ஒரு குணப் பட்டியலை வாசித்துக் காட்டினார். கெட்டிக்காரர், உழைப்பாளி, அவசரக்காரர், குறை சொல்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர் என்று வாசித்தபோது, 'திறமைசாலி, கொஞ்சம் குறை உண்டு' என்று கேட்டவர்கள் நினைத்தார்கள். அதே பட்டியலைப் பொறாமைக்காரர் என்று தொடங்கித் தலைகீழாக வாசித்தபோது, அந்த ஆளின் குறைகளே முன்னால் வந்து நின்றன. முதலில் கேட்டது பின்னால் வருவதற்கெல்லாம் சாயம் ஏற்றிவிடுகிறது. பட்டியலின் நடுவில் 'அன்பானவர்' என்ற ஒரே சொல்லை எடுத்துவிட்டு 'ஒட்டாதவர்' என்று போட்டபோதும் முழு ஆளே மாறிப்போனார்.

பெண் பார்க்கப் போகும்போது தரகர் முதலில் எதைச் சொல்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். ஆஷைப் படிக்காமலே அவருக்கு இது தெரியும்.

மாறுமா என்றால், மாறும். ஆனால் முதல் அபிப்பிராயம் தப்பு என்று காட்டும் சந்தர்ப்பம் கிடைக்க வேண்டும். ஒருவரைப் பிடிக்கவில்லை என்று விலகிப் போய்விட்டால் அந்தச் சந்தர்ப்பமும் போய்விடுகிறது.

சோம்பேறி என்றால் சோம்பேறிதானே? அதில் உளவியல் எங்கே வருகிறது?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். எனக்குச் சொந்த விஷயமும் அதில் இருக்கிறது.

என் அப்பா மார்த்தாண்டத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகாரர். விடிவதற்கு வெகுநேரம் முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெயில் ஏறுவதற்கு முன், மரத்துக்குள் நீர் அழுத்தம் அதிகமாக இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். 300 மரத்துக்கு மேல் வெட்டி, சிரட்டைகளில் நிறைந்த பாலை எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் அடித்து முடித்துக் குளித்துச் சாப்பிடும்போது பகல் பன்னிரண்டு ஆகும். அப்புறம் திண்ணையில் தூங்குவார். ஒருநாள் அந்த நேரத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார். தூங்குகிற அப்பாவைப் பார்த்து அம்மாவிடம், "பட்டப்பகல்ல தூக்கமா? நல்ல மடியன்தான்" என்றார். அப்பாவுக்கு அது கேட்டதா என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது தூங்குகிற ஆள், பகல் பன்னிரண்டு மணி, அவ்வளவுதான். விடியற்காலைத் தோட்டம் அவருக்குத் தெரியாது. நடத்தை கண் முன்னே நிற்கும், அதன் பின்னணி பெரும்பாலும் மறைந்தே இருக்கும். எனவே நடத்தைக்குக் காரணமாகக் குணத்தை எடுத்துக்கொள்கிறோம், சூழ்நிலையை விட்டுவிடுகிறோம். ஒரு செயலுக்கு நாம் காரணம் தேடுவதைப் பற்றி 1958-ல் ஹைடர் விரிவாக எழுதினார். உள்ளே இருக்கும் காரணம், வெளியே இருக்கும் காரணம் என்று அவர் பிரித்தார். உள்ளே இருப்பது குணம், ஆசை, திறமை. வெளியே இருப்பது வேலை, வறுமை, உத்தரவு, நேரம், இடம். குணத்தின் பக்கமே அளவுக்கு மீறிச் சாயும் இந்தப் பழக்கத்துக்கு 1977-ல் லீ ராஸ் 'அடிப்படைக் காரணப் பிழை' என்று பெயர் வைத்தார்.

இதற்கு முன்பே, 1967-ல், எட்வர்ட் ஜோன்ஸும் விக்டர் ஹாரிஸும் கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்தார்கள். எழுதியவருக்கு வேறு வழியில்லை, இந்தப் பக்கம்தான் எழுத வேண்டும் என்று சொல்லப்பட்டது என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். அப்படியும் ஆதரித்து எழுதியவர் மனதுக்குள் ஆதரவாளராகவே இருப்பார் என்று மாணவர்கள் நினைத்தார்கள். சூழ்நிலையைச் சொன்னாலும் அது நம் மனதில் முழுதாக ஏறுவதில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

கடற்கரையிலும் இதே கதைதான். இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டு வந்து வள்ளத்து நிழலில் தூங்குபவரை, ஒன்பது மணி ஆபீஸ்காரர் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். கடப்புறத்துக்காரர்கள் சண்டை போடுகிற மாதிரிப் பேசுவார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வது உண்டு. அலைச் சத்தத்துக்கும் காற்றுக்கும் என்ஜினுக்கும் மேலே குரல் எழும்பினால்தான் வள்ளத்தின் அந்த முனையில் இருப்பவருக்குக் கேட்கும். பிறந்ததிலிருந்து அப்படிப் பேசிப் பழகிய தொண்டை, கரைக்கு வந்ததும் தானாக இறங்கிவிடாது.

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் ஆராய்ச்சி. நமக்குப் பொருந்துமா?

அருமையான கேள்வி. ஆராய்ச்சியாளர்களே இதைக் கேட்டார்கள். ஜோன் மில்லர் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் சிகாகோவிலும் நம் பக்கத்து மைசூரிலும் ஆய்வு செய்து 1984-ல் வெளியிட்டார். தெரிந்தவர்கள் செய்த நல்லது கெட்டதைச் சொல்லச் சொல்லி, ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டார். அமெரிக்கர்கள் வயது கூடக் கூடக் குணத்தையே அதிகம் காரணமாகச் சொன்னார்கள். மைசூர்க்காரர்கள் வயது கூடக் கூடச் சூழ்நிலையையும் கடமையையும் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளிடம் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் காரணம் சொல்லும் பழக்கத்தை வளர வளர ஊர்தான் கற்றுத்தருகிறது.

அதில் ஒரு சம்பவம் வரும். ஒரு வக்கீல் மோட்டார் சைக்கிளில் போகும்போது டயர் வெடித்து, பின்னால் இருந்தவர் விழுந்து தலையில் அடிபடுகிறார். வக்கீல் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விடுகிறார். அடிபட்டவர் பிறகு இறந்துவிடுகிறார். அமெரிக்கர் 'பொறுப்பில்லாதவர்' என்கிற இடத்தில், நம் ஆள் 'கட்சிக்காரருக்காகக் கோர்ட்டில் நிற்க வேண்டிய கடமை, அந்த நேரத்துப் பதற்றம்' என்று யோசிக்கிறார்.

இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு பெருமைச் சிரிப்பு வரும். நான் உடனே அப்பாவின் கதையைச் சொல்வேன். தெரிந்தவர்களுக்குச் சூழ்நிலையைத் தேடிப் பார்க்கிறோம். தெரியாதவர்களுக்கு, வேறு சாதிக்காரர்களுக்கு, வேறு கரைக்காரர்களுக்கு அந்தத் தாராளம் நம்மிடமும் சுருங்கிவிடுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்கிறார்களே?

ஒரு நல்ல அம்சம் கண்ணில் பட்டுவிட்டால் மற்ற எல்லாமும் நல்லதாகத் தெரியும். இதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர். 1920-ல் எட்வர்ட் தார்ன்டைக், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களைப் பார்த்தார். உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் எல்லாவற்றையும் தனித்தனியாக எடை போடச் சொல்லியிருந்தும், ஒன்றில் அதிகம் வாங்கியவர் எல்லாவற்றிலும் அதிகம் வாங்கியிருந்தார். மனிதர்கள் அப்படி ஒரே சீராக இருப்பதில்லை.

நம் ஊரில் இந்த ஒளிவட்டத்தைத் தருபவை சிவந்த நிறமும் தடங்கல் இல்லாத ஆங்கிலமும். நேர்முகத் தேர்வில் ஆங்கிலம் சரளமாக வரும் பிள்ளைக்கு அறிவும் நேர்மையும் சேர்த்தே எழுதப்படுகின்றன. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை வாயைத் திறப்பதற்குள் பாதித் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயரை மறைத்து வேறு எண் போடுவது இதைத் தடுக்க ஒரு நல்ல ஏற்பாடு. என் வகுப்புத் தேர்வுத் தாள்களையும் பெயர் இருக்கும் முதல் பக்கத்தை மடித்துவைத்துத்தான் திருத்துகிறேன். அப்படித் திருத்த ஆரம்பித்த வருஷம் எனக்குப் பிடித்த சில பிள்ளைகளின் மார்க் குறைந்தது.

ஆள் பாதி ஆடை பாதி என்பது?

அது இந்த மண்ணில் வெறும் பழமொழியாக இருந்ததில்லை, சட்டமாகவே இருந்தது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கே நாடார் பெண்களும் மற்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் மார்பை மறைத்து மேலாடை போடக் கூடாது. 1820-களிலிருந்து பல பத்தாண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலையில் அரசர் பிரகடனம் செய்தார். நாடார் பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போடலாம், முரட்டுத் துணியால் மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனையைப் பாருங்கள். உடம்பை மறைக்க அனுமதி கிடைத்த பிறகும், பார்த்த மாத்திரத்தில் 'இன்ன சாதி' என்று தெரிய வேண்டும் என்பதில் அவ்வளவு கவனம். ஒருவரைப் பார்த்ததும் ஏதாவது ஒரு வகையில் போடுவது மனதின் இயல்பு என்று பாடப்புத்தகம் சொல்லும். எந்த வகைகள் இருக்க வேண்டும், எந்த அடையாளத்தை வைத்துப் பிரிக்க வேண்டும் என்பதை அதிகாரம்தான் முடிவு செய்தது. எங்கள் பாட்டிமார் அதற்காக அடி வாங்கினார்கள். இதைச் சொல்லாமல் ஆடை பற்றிய பாடத்தை நான் நடத்துவதில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் இல்லையா? நாலு பேரைப் பார்த்தால் கூட்டத்தையே தெரிந்துகொள்ளலாமே?

ஒரே பானை, ஒரே அடுப்பு, ஒரே நேரத்தில் போட்ட அரிசி. அதனால் சோற்றுக்கு அது சரி. ஒரு ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே பானையில் வேகவில்லையே.

ஒரு கூட்டத்தையே ஒரே மாதிரி நினைப்பதை அச்சுவார்ப்பு எண்ணம் என்று சொல்லலாம். 1922-ல் வால்டர் லிப்மன் என்ற பத்திரிகையாளர் அச்சகத்திலிருந்துதான் இந்தச் சொல்லை எடுத்தார். ஒருமுறை வார்த்த தகட்டில் எத்தனை தாள் அடித்தாலும் அதே படம்தானே வரும்.

குமரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சென்னையில் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாள் "எனக்க பெட்டி எங்க?" என்று கேட்டேன். அன்றிலிருந்து மூன்று வருஷம் நான் 'மலையாளி'. லீவில் திருவனந்தபுரத்தில் அத்தை வீட்டுக்குப் போனால் கடைக்காரருக்கு நான் 'பாண்டி', அதாவது தமிழ்க்காரி. இரண்டு இடத்திலும் நான் பேசியது அதே பேச்சுதான்.

சரி, நாம் என்ன செய்கிறோம்? ஒடிசா, பீகார், அசாம், மேற்கு வங்காளத்திலிருந்து நம் மாவட்டத்தில் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். தாய்மொழி ஒடியா, வங்காளி, அசாமியா, மைதிலி என்று வேறு வேறு. நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்றே ஒன்று, 'இந்திக்காரன்'. நம் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம், வெளிக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே மாதிரி என்று தோன்றுவதைச் சமூக உளவியல் பல இடங்களில் கண்டிருக்கிறது.

'ஆனால் திருட்டுக் கேஸ்களில் அவர்கள் பெயர்தானே வருகிறது' என்று அடுத்த கேள்வி வரும். 1976-ல் டேவிட் ஹாமில்டனும் ராபர்ட் கிஃபர்டும் செய்ததைக் கேளுங்கள். 'அ' குழுவைப் பற்றி 26 வாக்கியங்கள், 18 நல்லது, 8 கெட்டது. 'ஆ' குழுவைப் பற்றி 13 வாக்கியங்கள், 9 நல்லது, 4 கெட்டது. கணக்குப் போட்டால் இரண்டு குழுவிலும் விகிதம் ஒன்றுதான். ஆனால் வாசித்தவர்கள் சின்னக் குழு கெட்டது அதிகம் செய்ததாக நினைத்தார்கள். எண்ணிக்கையில் குறைந்த ஆட்களும் எண்ணிக்கையில் குறைந்த கெட்ட செயலும் சேர்ந்து வரும்போது அது மனதில் தனியாகப் பதிந்துவிடுகிறது. உள்ளூர்க்காரர் திருடினால் திருடன் பெயர் நினைவிருக்கும். வெளியூர்க்காரர் திருடினால் அவர் மாநிலம் நினைவிருக்கும்.

அச்சுவார்ப்பு எண்ணம், தப்பெண்ணம், பாகுபாடு மூன்றும் ஒன்றா?

தேர்வில் வரும் கேள்வி, சுருக்கமாகவே சொல்கிறேன். 'அந்த ஊர்க்காரர்கள் முரடர்கள்' என்று நம்புவது அச்சுவார்ப்பு. அவர்களைக் கண்டாலே வெறுப்போ பயமோ வருவது தப்பெண்ணம். அவர்களுக்கு வீடு வாடகைக்கு இல்லை என்பது பாகுபாடு. ஒன்று எண்ணம், ஒன்று உணர்ச்சி, ஒன்று செயல். மனதில் தப்பெண்ணம் இல்லாமலே, 'வீட்டு ஓனர் சொன்னார்' என்று பாகுபாடு காட்டுபவர்களும் உண்டு.

பிள்ளையை மக்கு என்று திட்டினால் மக்காகிவிடுமா?

ராபர்ட் ரோசெந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968-ல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு தொடக்கப்பள்ளியில் ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, 'இவர்கள் இந்த வருஷம் நன்றாக முன்னேறுவார்கள் என்று சோதனையில் தெரிகிறது' என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். வருஷக் கடைசியில், முக்கியமாக ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். மேல் வகுப்புகளில் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. இந்த ஆய்வின் அளவுகள் மீது கடுமையான விமரிசனமும் வந்தது. ஆசிரியரின் எதிர்பார்ப்புக்குப் பாதிப்பு உண்டு, ஆனால் கதையாகச் சொல்கிற அளவுக்கு மாயம் இல்லை என்பதுதான் பிறகு தெரிந்தது.

எதிர்பார்ப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். கெட்டிக்காரப் பிள்ளை பதிலுக்குத் திணறினால் ஆசிரியர் காத்திருக்கிறார், குறிப்பு கொடுக்கிறார். மக்கு என்று முடிவு செய்த பிள்ளை திணறினால் "சரி, உட்காரு" என்று அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறார். ஒரு நாளில் இது ஒன்றும் இல்லை. பத்து வருஷத்தில் எவ்வளவு ஆகும்?

எல்லோரும் ஒருவரைக் கெட்டவர் என்றால் அது உண்மையாகத்தானே இருக்கும்?

1951-ல் ஆஷ் செய்த கோடு சோதனையை இங்கே சொல்ல வேண்டும். மூன்று கோடுகளில் எது இந்தக் கோட்டின் நீளம் என்பது கேள்வி. சின்னக் குழந்தைக்கும் விடை தெரியும். ஆனால் அறையில் இருக்கும் மற்ற எல்லோரும், முன்பே பேசி வைத்தபடி, ஒரே தப்பான விடையைச் சொல்கிறார்கள். விஷயம் தெரியாத ஒருவர் விடை சொல்லும் வரிசையின் கடைசியில் மாட்டிக்கொள்கிறார். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாக வந்தன. நாலில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு போனார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் போதும், தப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது.

கண்ணுக்குத் தெரியும் கோட்டுக்கே இப்படி என்றால், கண்ணுக்குத் தெரியாத குணத்துக்கு? குடும்பத்தில் புதிதாக வந்த மருமகளைப் பற்றி எல்லோரும் ஒன்று சொல்லும்போது, "எனக்கு அப்படித் தோணல" என்று ஒரே ஒரு சித்தி சொன்னால் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

வதந்தியைப் படித்தவர்களும் ஏன் நம்புகிறார்கள்?

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலில் நின்றது நம் மாவட்டம். வதந்திக்கு அது தடையாக இருந்ததில்லை. 1982-ல் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் வெடித்தபோது எனக்குப் பத்து வயது. நடந்ததைவிட, நடந்ததாகக் காதில் விழுந்ததுதான் எங்கள் வீட்டுக் கதவை அடைத்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் நாங்களும் அதன் பிறகு பல வாரம் ஒன்றாக விளையாடவில்லை. அவர்கள் அதே பிள்ளைகள்தான். எங்கள் கண் மாறியிருந்தது.

இந்திய உளவியலாளர் ஜமுனா பிரசாத், 1934 ஜனவரியில் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு பரவிய வதந்திகளை ஆராய்ந்து அடுத்த வருஷமே வெளியிட்டார். அதிர்ச்சியை உணர்ந்தும் பெரிய சேதம் இல்லாத இடங்களில், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற வதந்திகள் பரவின. ஒன்றோடொன்று ஒட்டாத எண்ணங்கள் மனதை உறுத்தும் என்ற தன் கோட்பாட்டை 1957-ல் எழுதிய உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர், இந்த ஆய்விலிருந்து ஒரு யோசனை கிடைத்ததாகச் சொல்கிறார். பயம் முதலில் இருக்கிறது, பயப்படக் காரணம் தெரியவில்லை, காரணத்தை வதந்தி கொடுக்கிறது. 2004 சுனாமிக்குப் பிந்திய நாட்களில் அலை தொடாத எங்கள் மேட்டுப் பகுதியில்கூட "திரும்ப வருது" என்ற பேச்சு எப்படி ஓடியது என்று நினைத்தால் எனக்கு இது புரிகிறது.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவின. அந்தத் தொழிலாளர்களுக்கு நாம் எல்லோரும் ஒரே மாதிரித் தெரிந்திருப்போம், நமக்கு அவர்கள் தெரிகிற மாதிரியே.

விபத்து நடந்தால் கூட்டம் வேடிக்கை பார்க்கிறதே, ஜனங்களுக்கு மனசாட்சி இல்லையா?

இதுவும் குணத்தைக் காரணமாகச் சொல்லும் அதே பழக்கம்தான். 1968-ல் ஜான் டார்லியும் பிப் லடானேயும் செய்த சோதனையில், ஒருவருக்கு வலிப்பு வருவது மைக் வழியாகக் கேட்கும். தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உதவ எழுந்தார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தபோது அது 31 சதவீதமாகக் குறைந்தது. எழாதவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. யாராவது செய்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். நேருக்கு நேர் நிற்கும் கூட்டத்தில் இன்னொன்றும் நடக்கிறது. ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கிறார்கள். எல்லா முகமும் அமைதியாக இருப்பதால் ஒன்றும் பெரிதாக இல்லை போலிருக்கிறது என்று எல்லோரும் முடிவு செய்கிறார்கள்.

அதனால் தக்கலை ரோட்டிலோ வேறு எங்கோ நீங்கள் விழுந்து கிடந்தால், அல்லது விழுந்தவர் பக்கத்தில் நின்றால், பொதுவாகக் கத்தாதீர்கள். ஒருவரைக் கை நீட்டி, "நீலச் சட்டை அண்ணே, நீங்க 108-க்கு போன் போடுங்க" என்று சொல்லுங்கள். அந்த அண்ணன் போடுவார்.

இந்தச் சோதனைகளையெல்லாம் எவ்வளவு தூரம் நம்பலாம்?

கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2015-ல் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 36 சதவீதம்தான் முன்பு போலத் தெளிவான முடிவு தந்தன. சமூக உளவியல் ஆய்வுகளின் நிலை சராசரியைவிட மோசம். இதை நான் மாணவிகளிடம் மறைப்பதில்லை. தன்னைத் தானே சோதித்து அதைப் பகிரங்கமாகச் சொல்கிற துறையை எனக்குப் பிடிக்கும். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை வேறு வேறு ஆட்களால் பலமுறை பார்க்கப்பட்டவை. ஆசிரியர் எதிர்பார்ப்பு மாதிரி விவாதத்தில் இருப்பதை அங்கேயே குறிப்பிட்டிருக்கிறேன்.

சேர்ந்து பழகினால் இதெல்லாம் சரியாகிவிடாதா?

வெறுமனே பக்கத்தில் இருந்தால் போதாது. ஒரே பஸ்ஸில் முப்பது வருஷம் போய்வந்தும் ஒருவரைப் பற்றி ஒருவர் நல்லதாக நினைக்காதவர்கள் இருக்கிறார்கள். கார்டன் ஆல்போர்ட் 1954-ல் சில நிபந்தனைகளைச் சொன்னார். இரண்டு பக்கமும் சமமான நிலையில் இருக்க வேண்டும், இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு காரியம் இருக்க வேண்டும், அதில் ஒத்துழைக்க வேண்டும், பெரியவர்களும் நிர்வாகமும் அதற்கு ஆதரவாக இருக்க வேண்டும். முதலாளியும் வேலைக்காரரும் தினமும் பார்த்துக்கொள்வதில் இதில் பாதி கிடையாது.

அதே 1954-ல் முசாஃபர் ஷெரிஃப் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 22 பையன்களை ஒரு கோடை முகாமில் இரண்டு அணியாகப் பிரித்தார். போட்டி வைத்ததும் இரண்டு அணிக்கும் இடையே பகை கொடி எரிப்பு வரை போனது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வைத்தால் சாப்பாட்டை வீசி அடித்துக்கொண்டார்கள். முகாமுக்கு வரும் தண்ணீர் நின்று, எல்லோரும் சேர்ந்து தேடினால்தான் சரியாகும் என்ற நிலை வந்தது. அப்படிப் பல காரியங்களைச் சேர்ந்து செய்த பிறகுதான் பகை தணிந்தது.

எலியட் அரன்சன் 1971-ல் டெக்சாஸில் வகுப்பறைக்கு ஏற்ற ஒரு வழி கண்டார். பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுப்பது. மற்ற துண்டுகள் வேண்டுமென்றால் மற்றவர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும்.

நானும் வகுப்பில் இதைச் செய்தேன். தூத்தூர், குளச்சல் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் ஒரு மூலையிலும், திருவட்டாறு, பேச்சிப்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் இன்னொரு மூலையிலும் உட்காருவார்கள். நான் மாற்றி உட்காரச் சொன்னால் மணி அடித்ததும் பழைய இடம். ஒரு பருவம் முழுக்க, குழுவுக்கு ஐந்து பேர், ஆளுக்கு ஒரு துண்டு என்று நடத்தினேன். முதல் இரண்டு வாரம் சொதப்பல்தான். கடலோரப் பெண் ஒருத்தி வாயே திறக்கவில்லை, குழுவுக்கு எரிச்சல். மூன்றாவது வாரம் அவளிடம் மட்டும் இருந்த துண்டு தேர்வுக்கு வரும் என்று தெரிந்ததும், மலையோரப் பிள்ளை ஒருத்தி அவளிடம் நிதானமாக ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தாள். அவள் வாய் திறந்ததும் எல்லோருக்கும் ஆச்சரியம், அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்று கேட்டதற்கு, "எனக்க சத்தம் கூடுதலு, நீங்க சிரிப்பியன்னு நெனச்சேன்" என்றாள்.

அடுத்த பருவத்தில் அந்த ஐந்து பேரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். அதை நான் சொல்லவில்லை.